பளபளக்கும் பிக்கப், அடியில் அரிக்கும் பொட்டாஷ்!

‘‘மூன்று ஆண்டுகளுக்கு முன் கடனில் வாங்கிய பிக்கப் வண்டியில் தக்காளி, முருங்கைக்காய் ஏற்றிச் சந்தைக்குப் போகிறேன். திரும்பும்போது உரமூட்டை, தொழுவுரம் ஏற்றி வருவேன். வாரந்தோறும் தோட்டத்திலேயே சோப்புத்தூள் போட்டுக் கழுவியும் லோடு பாடியின் அடியில் துரு ஏறி, ஓரிடத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. தவணை முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. வீட்டிலேயே வண்டியை எப்படிப் பராமரிப்பது? மெழுகு பூசினால் துரு நிற்குமா?’’
- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகர்

மெழுகு பூசினால் விழுந்த துரு நிற்காது. அதை முதலிலேயே சொல்லிவிடலாம். பெயின்ட் இருக்கும்வரைதான் மெழுகு அதற்குக் காவல். பெயின்ட் உரிந்த தகட்டின் மேல் எவ்வளவு பூசினாலும் உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வாரந்தோறும் கழுவுகிறார் என்பதில் குறையே இல்லை. எந்த இடத்தைக் கழுவுகிறார், எதைப் போட்டுக் கழுவுகிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்படி ஓட்டை விழுந்த வண்டி பட்டறைக்கு வந்தால், மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, ‘‘ஏனுங்கண்ணா, உரம் ஏத்துவீங்களா?’’ என்பதாகத்தான் இருக்கும். கடையில் பொட்டாஷ் என்று விற்கும் மியூரியேட் ஆஃப் பொட்டாஷின் வேதிப்பெயர் பொட்டாசியம் குளோரைடு. அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு குளோரைடு. சமையல் உப்பில் இருந்துகொண்டு இரும்பைத் தின்கிற அதே சரக்குதான் இது. மூட்டைத் தையல் வழியாகச் சிந்தும் ஒரு பிடி பொட்டாஷ், தகடும் தகடும் சேரும் மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்து அங்கேயே உப்புத் தண்ணீராகக் கிடக்கும். அம்மோனியம் சல்பேட் கரைந்தால் அமிலத்தன்மை உடையது, அதுவும் இரும்புக்கு ஆகாது. யூரியா அந்த அளவுக்கு அரிக்காது என்றாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தொழுவுரத்தில் ஈரமும் அம்மோனியாவும் மாட்டு மூத்திரத்தின் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன. நசுங்கிய தக்காளியின் சாறும் புளிப்புதான். ஆக, சந்தைக்குப் போகும்போது அமிலம், திரும்பி வரும்போது உப்பு. தகடு எத்தனை நாள் தாங்கும்?

உரம் இறக்கிய அன்றைக்கே முதல் வேலை, தண்ணீர் படுவதற்கு முன் விளக்குமாறு. சிந்திய உரத்தைக் காய்ந்த நிலையிலேயே கூட்டி அள்ளிவிட வேண்டும். அது பயிருக்காவது ஆகும். கூட்டாமல் தண்ணீரை ஊற்றினால், உரத்தைக் கரைத்து மடிப்புக்குள் நாமே அனுப்பிவைத்த மாதிரி. லோடு பாடியில் ரப்பர் பாய் விரித்திருந்தால் அதைத் தூக்கி அடியையும் பார்க்க வேண்டும். பாய்க்கு மேலே ஈரம் காய்ந்திருந்தாலும் அடியில் மாதக்கணக்கில் நிற்கும். மேலே பாதுகாப்பு என்று நினைத்து விரித்த பாயே ஓட்டைக்குக் காரணமாகிவிடுவது நிறைய வண்டிகளில் நடக்கிறது.

பலரும் பானட்டிலும் கதவிலும் தொடங்கி, அங்கேயே முடித்துவிடுகிறார்கள். வரிசையை மாற்ற வேண்டும். தோட்டத்து மோட்டாரில் ஹோஸ் மாட்டி, முதலில் வண்டியின் அடிப்பகுதி: சேஸிஸ், ஸ்பிரிங் பட்டைகள், மட்கார்டுகளின் உள்பக்கம், பின்கதவின் கீல், கயிறு கட்டும் கொக்கிகள். சேறு ஊறும்வரை நனைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மறுபடி அடித்தால் கட்டி கட்டியாக விழும். கதவுகளின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடிவதற்கென்றே சின்னத் துளைகள் இருக்கும். அவை மண் அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். ஒரு ஈர்க்குச்சி போதும், குத்திவிடலாம். அடிப்பகுதி முடிந்த பிறகு லோடு பாடி, கடைசியாகக் கேபின்.

சில இடங்களில் பீய்ச்சக் கூடாது. இன்ஜின் பக்கத்து ஒயர் இணைப்புகள், பேட்டரி, காற்று ஃபில்டரின் வாய், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் ஆகியவற்றில் அழுத்தமாகத் தண்ணீர் பட்டால் செலவு வரும். இன்ஜின் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் அடிப்பதும் தவறு. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரால் வண்டியைக் கழுவுகிறவர்களும் உண்டு. களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரில் மிச்சம் எங்கே ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதை விட்டுவிடுவதே மேல்.

சோப்புத்தூள் விஷயத்துக்கு வருவோம். துணி துவைக்கும் தூளில் சோடா உப்பு கலந்திருக்கும். காரம் அதிகம். அழுக்கோடு பெயின்ட் மேலிருக்கும் மெழுகையும் அது எடுத்துவிடும். சரியாக அலசாவிட்டால் மடிப்பில் இன்னும் ஒரு உப்பு சேரும். வண்டிக்கென்று விற்கும் ஷாம்பூ ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மூடி போதும். பக்கெட் மட்டும் இரண்டு வேண்டும். ஒன்றில் ஷாம்பூ தண்ணீர், மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். இல்லையென்றால் துணியில் ஒட்டிய மணலே பெயின்ட்டைக் கீறும். டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பது அப்போதைக்குப் பளபளக்கும். பிறகு புழுதி அப்பிக்கொள்ளும், ரப்பர் புஷ்களும் உப்பிக் கெடும். அடியில் கழிவு ஆயில் அடிக்கும் வழக்கத்திலும் இதே கேடு உண்டு. மழையில் அந்த ஆயில் கழுவி ஓடிச் சேருவதும் சொந்த நிலத்தில்தான்.

வெயில் ஏறும் முன் காலையிலோ, மாலை நிழலிலோ கழுவுவது நல்லது. சுடும் தகட்டில் போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி நிற்கும். தொட்டியில் பிடித்த மழைத்தண்ணீர் இருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட உசத்தி இல்லை. படிந்துவிட்ட புள்ளிக்கு, சமையல் வினிகரைச் சமஅளவு தண்ணீரில் கலந்து துணியால் துடைத்து, உடனே நல்ல தண்ணீர் ஊற்றிவிடலாம்.

பூச்சிமருந்து ஏற்றும் வண்டிக்கு இன்னும் கவனம் தேவை. 1958-ல் கேரளத்தில், பாரத்தியான் என்ற பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கும் மேல் இறந்தார்கள். மருந்தும் மாவும் ஒரே கப்பலில் வந்தபோது கசிந்து கலந்ததால் வந்த வினை அது. கப்பலில் நடந்தது பிக்கப்பிலும் நடக்கும். காலையில் மருந்துப் பாட்டில் உருண்ட அதே தகட்டில் மாலையில் தக்காளிக் கூடை, மறுநாள் கூலிக்கு வரும் பெண்கள், ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு கோயில் பயணம் என்று போகிற வண்டிகள் நம்மூரில் கொஞ்சமா நஞ்சமா? மருந்தை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள் நிமிர்த்தி வைத்துத் தனியாக எடுத்து வருவதே சரி. சிந்திவிட்டால் கையுறை போட்டுக்கொண்டு, காய்ந்த மண்ணோ மரத்தூளோ கொட்டி உறிஞ்சவிட்டு அள்ள வேண்டும். அதன் பிறகு சோப்புத் தண்ணீரால் மூன்று முறையாவது கழுவ வேண்டும். அள்ளிய மண்ணும் கழுவிய தண்ணீரும் கிணறு, கண்மாய், மாட்டுத்தொட்டி பக்கம் போகவே கூடாது. வண்டியைக் கண்மாய்க் கரையில் இறக்கிக் கழுவும் பழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுவிடலாம். மாடு குடிக்கிற தண்ணீர் அது.

இப்போது மெழுகு. பாலிஷும் மெழுகும் ஒன்றல்ல. பாலிஷில் தேய்க்கும் துகள் உண்டு. மங்கிய மேல்படலத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்குவது அது, அடிக்கடி போட்டால் பெயின்ட் மெலிந்துபோகும். மெழுகு மேலே ஒரு படலமாக நின்று வெயில், பறவை எச்சம், தக்காளிச் சாறு நேரடியாகப் பெயின்ட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. நல்ல மெழுகுகளில் சேரும் கார்னாபா, பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படியும் மெழுகு. கடும் வெயிலில் ஓலை காய்ந்துபோகாமல் இருக்க மரம் தனக்குத் தானே பூசிக்கொண்டது. கழுவித் துடைத்து நன்றாகக் காய்ந்த வண்டியில், நிழலில், ஒரு கதவு அளவுக்கு மட்டும் மெல்லியதாகத் தடவி, அது வெளுத்துக் காய்ந்ததும் பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். தடிமனாக அப்பினால் துடைக்கும் கைதான் வலிக்கும். நம் வெயிலுக்கு இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பூச வேண்டியிருக்கும். தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும்வரை மெழுகு இருக்கிறது என்று பொருள். லோடு பாடியின் உள்தளத்துக்கு மெழுகு வீண். அங்கே கூடை உரசும் உரசலில் பெயின்ட்டே நிற்பதில்லை.

அந்தத் தளத்துக்கும் அடிப்பகுதிக்கும் பெயின்ட்தான் வழி. துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் பளிச்சென்ற இரும்பு தெரியும்வரை தேய்த்து, துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் காயவிட்டு, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன் மேல் எனாமல் பெயின்ட் இரண்டு கை அடிக்கலாம். பிரைமரோடு நிறுத்திவிட்டால் அது ஈரத்தை உள்ளே விடும். வாசகரின் வண்டியில் விழுந்த ஓட்டைக்கு இது போதாது. சுற்றிலும் மெலிந்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஓட்டையின் மேலேயே ஒட்டுப்போட்டால் இரண்டு தகட்டுக்கும் நடுவே மறுபடி உப்பு உட்காரும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிடச் சொல்ல வேண்டும். சேஸிஸிலேயே அரிப்பு இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், பாரம் ஏற்றுவதை நிறுத்திவிட்டுப் பட்டறையில் காட்டுவதே உயிருக்கு நல்லது.

கழுவி முடித்ததும் ஸ்பிரிங் பட்டை, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் ஆகியவற்றில் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடித்துவிட வேண்டும். உள்ளே போன தண்ணீரைக் கிரீஸ் வெளியே தள்ளும். ஈர வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு ராத்திரி முழுக்க நிறுத்தினால் காலையில் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும். மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை அழுத்திக் காயவைத்துவிட்டு, சமதரையில் கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தலாம்.

‘‘ஆயுத பூஜைக்கு பானட்டில் வைத்த மஞ்சள், சந்தனம் பதினைந்து நாளாகியும் கறையாக நிற்கிறது. தேய்த்தால் பெயின்ட் போகுமா?’’
- வேதாரண்யம் பகுதி வாசகர்

நகத்தாலோ தேங்காய் நாராலோ தேய்த்தால் போகும். ஷாம்பூ தண்ணீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் மேலே போட்டு ஊறவைத்துத் துடைக்க வேண்டும். மஞ்சள் நிறம் மட்டும் மிஞ்சினால் கவலை வேண்டாம், சில நாள் வெயிலில் தானாக வெளுத்துவிடும். ஆரத்தித் தண்ணீரில் கலந்த சுண்ணாம்பு பட்டிருந்தால்தான் சிக்கல். அது காரம், நாள்பட்டால் பெயின்ட்டை மங்கவைத்துவிடும். அடுத்த ஆண்டு, பூஜைக்கு முதல் நாள் மெழுகு பூசிவிட்டு, பூஜை முடிந்த மறுநாள் காலையிலேயே துடைத்துவிடலாம். வேதாரண்யத்தில் உப்பளத்துக் காற்று வேறு அடிப்பதால், உரம் ஏற்றாத வண்டியாக இருந்தாலும் வாரம் ஒருமுறை அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் காட்ட வேண்டும்.