பதுளைக்கு ரயில் வந்த ஆண்டில் பிறந்த மூவர்

1924ஆம் ஆண்டு பதுளை வரை ரயில் பாதை வந்து சேர்ந்தது. அதே ஆண்டில்தான் தமிழ்ச் சித்திரக் கலையின் மூன்று பெரிய கைகளும் பிறந்தன. ஒருவர் ‘பொன்னியின் செல்வ’னுக்குப் படம் வரைந்த மணியம். இன்னொருவர் தஞ்சாவூரில் பிறந்த கோபாலன், எல்லோருக்கும் கோபுலு. மூன்றாமவர் யாழ்ப்பாணம் கரவெட்டியில் பிறந்த சிவஞானசுந்தரம், ‘சிரித்திரன்’ சுந்தர். மூவரும் பிறந்து நூறு ஆண்டு கடந்துவிட்டது. ஊவாத் தோட்டங்களில் இருந்துகொண்டு இவர்களைத் திரும்பிப் பார்க்க நமக்குத் தனிக் காரணம் உண்டு. நம் முன்னோர் பார்த்த படங்கள் பல இவர்கள் கையால் வந்தவை. நம் முன்னோரையே வரைந்த படங்களோ வேறு கைகளால் வந்தவை.

அந்த வேறு கைகளை முதலில் பார்த்துவிடலாம். 1869இல் கொழும்பில் ஆங்கிலேயருக்காக ஒரு நகைச்சுவைச் சஞ்சிகை தொடங்கியது. லண்டன் ‘பஞ்ச்’ இதழின் இலங்கைப் பிரதி அது. நடத்தியவர் ஜான் கேப்பர், படம் வரைந்தவர் ஜே.எல்.கே. வான் டோர்ட். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘முனியாண்டி’. தோட்டத்து மக்கள் மரத்தடியில் கல் நட்டுக் கும்பிடும் காவல் தெய்வத்தின் பெயர், துரைமார் சிரித்துப் பொழுதுபோக்கும் தாளின் தலைப்பில் ஏறியது. வான் டோர்ட் தேர்ந்த ஓவியர், பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையின் தெருவையும் சந்தையையும் அவர் படங்களில்தான் இன்று காண்கிறோம். அந்த நன்றி இருக்கட்டும். ஆனால் கோப்பிக் காலத்து மலைநாடு வெளிச்சத்துக்கு வந்தது, அங்கே வேலை வாங்கியவர்களின் கண் வழியாகத்தான்.

பிறகு லிப்டன் வந்தார். கிளாஸ்கோவில் கடை வைத்திருந்த காலத்திலேயே வில்லி லாக்ஹார்ட் என்ற கேலிச்சித்திரக்காரரை அமர்த்தி, வாரம் ஒரு படம் வரையச் சொல்லிக் கடைக் கண்ணாடியில் மாட்டியவர் அவர். ஒரு படம் எத்தனை பேரைக் கடைக்குள் இழுக்கும் என்று கணக்குப் பார்த்துத் தெரிந்து வைத்திருந்தார். 1890இல் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கியதும் அந்த வித்தையைத் தேயிலைக்கும் கொண்டுவந்தார். கூடை சுமந்த தமிழ்ப் பெண் விளம்பரத்தில் ஏறினாள். 1932இல் உருவான இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் காலத்திலும் அவளேதான் முகம். 1940கள், 50களின் அச்சோவியத்தை விரும்புகிறவர்கள் இந்தச் சுவரொட்டிகளை இன்று தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். வண்ணமும் அமைப்பும் உண்மையிலேயே அழகு.

அப்படி ஒன்றைக் கையில் எடுத்தால் பொறுமையாகப் பாருங்கள். கூடை இருக்கும், புன்னகை இருக்கும், பின்னால் நீல மலை இருக்கும். இடுப்பில் படங்கு இருக்கிறதா? பனியிலும் மழையிலும் செடியின் ஈரமும் கவாத்து வெட்டிய கிளைகளின் கீறலும் உடம்பில் படாமல் காக்கிற அந்த முரட்டுச் சாக்கு இல்லாமல் எந்தப் பெண்ணும் மலைக்கு ஏறியதில்லை. நிரை சமமாக இருக்கச் செடிகளுக்கு மேல் போடுகிற மட்டக்கம்பு இருக்கிறதா? கூடைக் கயிறு தலையில் அழுந்துகிற இடம்? வரைந்தவர் மலையைப் பார்த்திருக்கிறார். கொழுந்து எடுப்பதை ஒரு மணி நேரம் நின்று பார்க்கவில்லை.

இதே காலத்தில் கொழும்பின் ஆங்கில ஏடுகளில் ஆப்ரே கொலெட் கோலோச்சினார். ’43 குழு என்ற நவீன ஓவியர் அணியில் ஒருவர், இலங்கை அரசியல் கேலிச்சித்திரத்துக்கு நிமிர்வு கொடுத்தவர். சேனநாயக்கவும் கொத்தலாவலவும் பண்டாரநாயக்கவும் அவர் கோட்டில் மாட்டித் தவித்தார்கள். அவர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறைக்கிறது. அரசியல் கேலிச்சித்திரம் அதிகாரத்தில் இருப்பவனை வரையும், அவனுக்கு எதிரே நிற்கும் வாக்காளனையும் வரையும். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது, அதைத் தொடர்ந்து அந்த மக்களின் வாக்கும் போயிற்று. 1952இல் அந்தக் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. வாக்கு இல்லாதவனுக்குக் கார்ட்டூனில் முகம் கிடைப்பது அரிது. நாட்டின் அந்நியச் செலாவணியைச் சுமந்த மக்கள், அந்த நாட்டின் மிகக் கூர்மையான தூரிகைக் காலத்தில், படத்துக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தார்கள்.

தமிழ்ப் பக்கம் சுந்தர் இருந்தார். பம்பாயில் படித்த காலத்தில் கேலிச்சித்திரத்தின் பக்கம் திரும்பியவர். ‘தினகர’னில் அவர் உருவாக்கிய சவாரித் தம்பரும், 1963இல் கொழும்பில் தொடங்கிய ‘சிரித்திர’னும் ஈழத்துச் சிரிப்பின் சொந்தக் குரல். தம்பரின் உலகம் வேலியும் வண்டிச் சவாரியும் பனையும். அவர் தன் ஊரை வரைந்தார், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. தன் ஊரை அப்படி நேசித்து வரைந்தபடியால்தான் இன்றும் நிற்கிறார். ஒரு சுந்தர் பசறையிலோ லுணுகலையிலோ பிறந்திருந்தால் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பிரட்டுக் களமும் என்ன பாடு பட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சரி, லயக் காம்பராவில் இருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? தமிழகத்துச் சஞ்சிகைகளைப் பார்த்தார்கள். ‘ஆனந்த விகட’னும் ‘கல்கி’யும் கொழும்புக்கு வந்து அங்கிருந்து ரயிலில் மலை ஏறின. பள்ளிக்கூட வாத்தியார் வாங்கினார், கடைக்காரர் வாங்கினார், ஒரு பிரதி பல காம்பராக்களுக்குப் போனது. எழுத்துத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். படத்துக்கு அந்த இடையாள் தேவைப்படவில்லை. இந்த இடத்தில்தான் கோபுலு எனக்குப் பெரியவராகத் தெரிகிறார். வசனமே இல்லாத நகைச்சுவைப் படங்களில் அவர் மன்னர். ஒரு தலைத் திருப்பல், நழுவும் துண்டு, எட்டிப்பார்க்கும் ஒரு பிள்ளை: கதை முடிந்துவிடும். கையெழுத்துப் போடத் தெரியாத கிழவியும் அதைப் பார்த்துச் சிரிக்கலாம்.

அந்தக் கோட்டின் தெளிவுக்கு அச்சும் ஒரு காரணம். மை கொண்டு வரைந்த படத்தைத் துத்தநாகத் தகட்டில் அமிலம் அரித்துப் பிளாக் ஆக்குவார்கள். மட்டமான பத்திரிகைத் தாளில் நெருங்கிய கோடுகள் அப்பிக்கொள்ளும். ஆகவே எதை விடலாம் என்று தெரிந்தவனே பிழைத்தான். இந்தக் கட்டுப்பாட்டுக்குள் இருந்துகொண்டே ஓவியர் சில்பி ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடரில் கோயில் சிற்பங்களின் கல்லையும் நிழலையும் கொண்டுவந்தார். முன்தலைமுறை விட்டுவந்த கோபுரத்தை, திரும்பிப் போக வழியில்லாத பேரப்பிள்ளை நமுனுகுலை அடிவாரத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

சுவரில் காலண்டர் தொங்கியது. கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகி வந்த முருகனும் லட்சுமியும் ஆண்டு முடிந்த பிறகும் இறங்கவில்லை, தேதித் தாளைக் கிழித்துவிட்டுப் படத்தைச் சாமியாக்கிக் கொண்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் இருந்தும் இராமநாதபுரத்தில் இருந்தும் வந்தவர்களுக்கு அந்தப் படம் சொந்த ஊர்க் கடிதம்.

இவற்றில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது? தோட்ட மக்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிய குடும்பங்களோடு சில போயின. 1970களின் தொடக்கத்தில் தமிழகச் சஞ்சிகைகளின் வரவுக்குக் கட்டுப்பாடு வந்தது. 1983 ஜூலை 27 அன்று இனக் கலவரத்தில் பதுளைக் கடைவீதி எரிந்தபோது கடைகளுக்கு மேல்மாடியில் இருந்த வீடுகளும் எரிந்தன. மீதியை மலைநாட்டு ஈரமும் கறையானும் பார்த்துக்கொண்டன. நூலகம் நிறுவனம் ‘சிரித்திரன்’ இதழ்கள் பலவற்றை இணையத்தில் ஏற்றிக் காப்பாற்றியிருக்கிறது. தேயிலைக் கறையையே வண்ணமாகக் கொண்டு மலையக வாழ்வை வரையும் ஹனுஷா சோமசுந்தரம் போன்றவர்கள் இன்று வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முந்திய தலைமுறை என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

தோட்டப் பாடசாலைகளின் ஆண்டு மலர்கள், காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் அடித்த நோட்டீஸ்கள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள், சுவரில் கையால் எழுதிய நாடக விளம்பரங்களின் புகைப்படங்கள். இவற்றில் பெயர் போடாத ஓவியர்கள் இருக்கிறார்கள். பெட்டிக்குள் இப்படி ஏதாவது இருந்தால் எறிய வேண்டாம். வெயில் நேரடியாகப் படாத இடத்தில் தட்டையாக விரித்து ஒரு படம் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள், அச்சகத்தின் பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த ஆண்டு, யார் வரைந்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். கேட்க வேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.