பழைய ரெக்கார்டுக்குத் திடீர் மவுசு... வாசிச்சவங்களுக்கு என்ன கிடைச்சுது?

ஜூன் பிறந்தால் ஓவேலியில் மழைதான். சூண்டி, எல்லமலை, பெரியசோலை எந்தப் பக்கம் போனாலும் துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப்போகும். அந்த ஈரத்தில் பரணில் கிடக்கும் கேசட் பெட்டியைத் திறந்தால், நாடா மேல வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. "இதை இன்னும் எதுக்குடா கட்டிக்கிட்டு அழற, தூக்கிப் போடு" என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும்.

தூக்கிப் போடலாம். அதுக்கு முன்னாடி, இப்படித் தூக்கிப் போடப்பட்ட சில இசைத்தட்டுகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்துடலாம். ஏன்னா, யாரும் சீண்டாத பழைய 'விசித்திர' இசையைத் தேடித்தேடி வாங்கும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அவர்கள் கண்ணில் பட்ட தட்டுக்கு ஒரே இரவில் மவுசு ஏறிவிடும். ஆனா, அந்த மவுசில் வாசித்தவருக்குப் பங்கு உண்டா?

பத்து ராகம், ஒரு டிஸ்கோ பீட்

2002-ம் வருஷம். எடோ பௌமன் என்ற நெதர்லாந்துக்காரர் டெல்லியில் பழைய இசைத்தட்டுக் கடை ஒன்றில் ஒரு எல்.பி-யை எடுக்கிறார். தலைப்பு, 'சிந்தசைஸிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. கலைஞர் பெயர் சரண்ஜித் சிங்.

சரண்ஜித் சிங் மும்பை சினிமா ஸ்டூடியோக்களில் கிடாரும் சின்தசைசரும் வாசித்தவர். அவர் வாசித்த பாட்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. அவர் யார் என்பதுதான் யாருக்கும் தெரியாது. டிஸ்கோ கொடிகட்டிப் பறந்த 1982-ல், ரோலண்ட் கம்பெனியின் மூன்று புதுக் கருவிகளை வைத்து ஒரு சோதனை செய்து பார்த்தார். ஜூபிடர்-8, டிபி-303, டிஆர்-808. தாளம் மெஷினில் ஓட, பேஸ் மெஷினில் சுழல, மேலே ராகம். பூபாளி, யமன், மால்கௌன்ஸ் என மொத்தம் பத்து. நம்ம பக்கத்துக் கணக்கில் மோகனம், கல்யாணி, இந்தோளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு விற்கவில்லை. பாட்டும் இல்லை, படமும் இல்லை, ஹீரோவும் இல்லை. சினிமாப் பாட்டு ஆண்ட சந்தையில் அதை எந்த அடுக்கில் வைப்பது என்றே கடைக்காரருக்குத் தெரிந்திருக்காது.

ஐந்து வருஷம் கழித்து, 1987-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழு, அதே டிபி-303 கருவியைத் திருகித் திருகி 'ஆசிட் டிராக்ஸ்' என்ற தட்டை வெளியிட்டது. 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசையே அதிலிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். இப்போ பௌமன் கையில் இருந்த இந்தியத் தட்டைக் கேட்டால், கிட்டத்தட்ட அதே சத்தம்! அவர் சரண்ஜித் சிங்கை மும்பையில் தேடிப் பிடித்தார். 2010-ல் தன் 'பாம்பே கனெக்‌ஷன்' நிறுவனம் மூலம் தட்டை மறுபடி வெளியிட்டார்.

'ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர்' என்று தலைப்புகள் பறந்தன. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, விற்காத அந்தத் தட்டு சிகாகோ இளைஞர்கள் காதுக்குப் போனதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஒரே கருவி, இரண்டு ஊர், இரண்டு தேவை. அவங்க கிளப்பில் ஆட வைக்கப் பார்த்தார்கள், இவர் ராகத்துக்குப் புதுச் சட்டை போட்டுப் பார்த்தார். இவர் செய்ததைப் பாராட்ட சிகாகோவோடு முடிச்சுப் போட வேண்டிய அவசியமே இல்லை.

எழுபது வயதைத் தாண்டியபின் அவர் ஐரோப்பிய மேடைகளில் இதே இசையை வாசித்தார். 2015 ஜூலையில் இறந்துபோனார். கைதட்டலைக் கேட்டுவிட்டுப் போனார் என்ற வகையில் அவர் கொடுத்துவைத்தவர்.

எந்த ரூபா?

அதே 1982. கொல்கத்தாவைச் சேர்ந்த ரூபா பிஸ்வாஸ் கனடாவின் கால்கரி நகரில் ஒரு ஆல்பம் பாடிப் பதிவு செய்கிறார். 'டிஸ்கோ ஜாஸ்'. சரோத் வாசித்தவர் ஆஷிஷ் கான், தபலா பிரணேஷ் கான். வங்காளியில் 'ஆஜ் ஷனிபார்', அதாவது 'இன்று சனிக்கிழமை' என்று ஒரு பாட்டு. சரோதும் டிஸ்கோவும் கைகோத்து நடக்கும் பாட்டு அது.

அதுவும் விற்கவில்லை. ரூபா அதை மறந்துவிட்டு வாழ்க்கையைப் பார்க்கப் போய்விட்டார். பல வருஷம் கழித்து இன்டர்நெட்டில் அந்தத் தட்டுக்குக் கிராக்கி ஏறியது. யூடியூபில் பாட்டு தாறுமாறாக ஓடியது. பாடியவருக்கு மட்டும் தகவல் இல்லை! அம்மாவின் தட்டை ஆன்லைனில் தற்செயலாகப் பார்த்த மகன் சொல்லித்தான் அவருக்கே தெரியவந்தது. 2019-ல் அமெரிக்காவின் நியூமெரோ குரூப் அதை மறுவெளியீடு செய்தது.

ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்க. தட்டில் கலைஞர் பெயராக இருந்தது 'ரூபா' என்ற ஒற்றை வார்த்தை. இந்த நாட்டில் எத்தனை ரூபா! ரசிகர்கள் எங்கே போய்த் தேடுவார்கள்?

அலமாரியில் தூங்கிய டேப்புகள்

மூன்றாவது கதை இன்னும் பழசு. அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969-லேயே ஒரு மூக் சின்தசைசர் வந்து இறங்கியது. அதை நிறுவிக் கொடுத்தவர் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கப் பரிசோதனை இசைக் கலைஞர். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.ஷர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் சத்தங்களைச் செய்து பார்த்தார்கள். மெட்டு கிடையாது, பாட்டு கிடையாது. மின்சாரம் எப்படியெல்லாம் பேசும் என்று பார்க்கும் ஆசை மட்டும்தான்.

1972 வரை பதிவான டேப்புகள் அந்த நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தூங்கின. லண்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் என்ற இசைக் கலைஞர் அவற்றைத் தேடியெடுத்து, 2023-ல் 'தி என்.ஐ.டி டேப்ஸ்' என்று தொகுத்து வெளியிட்டார். இந்திய எலெக்ட்ரானிக் இசையின் வரலாறு இதனால் பல வருஷம் பின்னோக்கிப் போயிருக்கிறது. ஒரு நிறுவனம் பெட்டியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

நமக்கு ராஜா... அவங்களுக்குக் 'கண்டுபிடிப்பு'!

தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் நிலைமை வேற. நம்ம ஆளு யாருக்கும் தெரியாதவர் இல்லை, எல்லாருக்கும் தெரிந்தவர். ஆனா, மேற்கத்திய சேகரிப்பாளர் கண்ணில் இளையராஜாவின் 80-களின் தட்டுகளும் அபூர்வ சரக்குதான். 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்' என்ற பிரிட்டிஷ் நிறுவனம், 1977 முதல் 1983 வரையிலான அவர் பாடல்களைத் தொகுத்து 'சொல்லச் சொல்ல' என்ற பெயரில் வெளியிட்டது. நாம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்ட பாட்டு, அங்கே 'எலெக்ட்ரானிக் பாப்' பொக்கிஷம்.

சினிமாவுக்கு வெளியே அவர் செய்த 'ஹவ் டு நேம் இட்' 1986-ல் வந்தது. தியாகராஜரும் பாக்கும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டால் எப்படி இருக்கும் என்ற சோதனை அது. அதில் வயலினில் வி.எஸ்.நரசிம்மன் என்ற பெயர் நமக்குத் தெரிகிறது. சினிமாத் தட்டுகளில்? இசை, பாடல், குரல் என்ற மூன்றோடு அட்டை பெரும்பாலும் முடிந்துவிடும். அந்த பேஸ் கிடார் சசிதரன், அந்த டிரம்ஸ் புருஷோத்தமன், அந்தக் கீபோர்டு விஜி மானுவல் என்பதெல்லாம் ரசிகர்களும் சக கலைஞர்களும் வாய்வழியாகச் சொல்லிக் காப்பாற்றிய தகவல்கள். இன்று ஸ்பாட்டிஃபையில் பாட்டைத் திறந்தாலும் இவர்கள் பெயர் கண்ணில் படுவது அபூர்வம்.

காசு யாருக்குப் போகுது?

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்திக்கலாம். பழைய தட்டு கைமாறுவது ஒன்று. மறுவெளியீடு இன்னொன்று.

டிஸ்காக்ஸ் மாதிரி தளத்தில் ஒருவர் தன்னிடம் உள்ள பழைய தட்டை எவ்வளவு விலைக்கு விற்றாலும், கலைஞருக்கு ஒரு பைசா போகாது. நம் காப்புரிமைச் சட்டத்தின் 53-ஏ பிரிவு, ஓவியம், சிற்பம், கையெழுத்துப் பிரதி ஆகியவற்றின் அசல் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் படைத்தவருக்குப் பங்கு தரச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் இசைத்தட்டு கிடையாது.

மறுவெளியீட்டுக்கு அனுமதி வேண்டும். ஒலிப்பதிவின் காப்புரிமை, வெளியான வருஷம் முடிந்து 60 ஆண்டுகளுக்கு உண்டு. 1982-ல் வந்த தட்டுக்கு 2042 முடியும்வரை. ஆனால், அந்த உரிமை பெரும்பாலும் பதிவு செய்த கம்பெனியிடம்தான் இருக்கும். கால்ஷீட்டுக்கு வந்து வாசித்துவிட்டு அன்றைய சம்பளத்தை வாங்கிப் போனவருக்கு அதில் பங்கு கிடைப்பது கஷ்டம்.

ஆக, சேகரிப்பாளரை வில்லனாக்க முடியாது. அவர் இல்லை என்றால் சரண்ஜித் சிங்கின் தட்டு எடைக்குப் போயிருக்கும். அதே சமயம், கலைஞரைத் தேடிப்போய், கூட்டிவந்து வெளியிடுகிறவரும் 'அபூர்வம்' என்று விலை ஏற்றி விற்கிறவரும் ஒன்றில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது அட்டையில் உள்ள பெயர். பெயர் இருந்தால் தேடலாம். இல்லாவிட்டால், தேடாததற்கு அதுவே ஒரு சாக்கு.

சரி, ஓவேலிக்கு இதில் என்ன வேலை?

இருக்கு. சேகரிப்பாளர்களின் பசி ஸ்டூடியோ இசையோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் 'சப்லைம் ஃப்ரீக்வென்சீஸ்' மாதிரி நிறுவனங்கள் ஆசியத் தெருக்களிலும் திருவிழாக்களிலும் வானொலியிலும் பதிந்த சத்தங்களையே தட்டாக வெளியிடுகின்றன. வாசித்தவர்கள் பற்றிய தகவல் போதவில்லை என்று அவற்றின் மேல் விமர்சனமும் உண்டு.

இப்போ நம்ம மலையைப் பாருங்க. கூடலூர் பகுதியில் பணியர்களின் துடியும் குழலும் இருக்கு. 1964-ன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் தப்பு இருக்கு. அங்கே காலையில் தொழிலாளர்களைப் பெரட்டுக்கு அழைத்ததும் இந்தத் தப்புதான். தாத்தா காலத்துத் திருவிழாவை டேப் ரெக்கார்டரில் பதிந்த கேசட் ஏதோ ஒரு பரணில் இருக்கலாம். உலகத்தில் அதற்கு இன்னொரு பிரதியே இருக்காது. பசங்க திருப்பூர், கோவை என்று வேலைக்குப் போக, லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாக, அந்தப் பெட்டி எங்கே போகும்?

புதுப் பதிவுகளும் இதே கதைதான். 'எஸ்டேட் தப்பு அடி, செம மாஸ்' என்று ஒரு ரீல்ஸ் வரும். லைக் குவியும். அடிச்சது யாரு, எந்த ஊரு, என்ன விசேஷம் என்ற விவரம் இருக்காது. அட்டையில் பேர் போடாத பழைய கம்பெனியைத் திட்டுகிறோம், நம்ம போனிலும் அதே தப்பைத்தான் செய்கிறோம்.

சட்டம் இங்கே கொஞ்சம் கை கொடுக்கிறது. பாட்டு யாருக்கும் சொந்தமில்லாத பழம்பாட்டாக இருக்கலாம். ஆனா, அதை நிகழ்த்தியவருக்குத் தன் நிகழ்ச்சி மேல் 50 ஆண்டு உரிமை உண்டு. 2012-ல் சேர்த்த 38-பி பிரிவு, 'இதை நிகழ்த்தியது நான்தான்' என்று அடையாளம் கேட்கும் உரிமையையும் தருகிறது. கோயில் திருவிழாவில் தப்பு அடிக்கும் அண்ணனுக்கும் அது பொருந்தும்.

இந்த மழைக்கு முன்னாடி...

* பூஞ்சை பிடித்த கேசட்டை அப்படியே பிளேயரில் போடாதீங்க. ஹெட் அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும். வெயிலில் காய வைத்தால் நாடா வளைந்துவிடும். காற்றோட்டமான நிழலில் உலரவிட்டு, தெரிந்தவரிடம் சுத்தம் செய்யக் கொடுங்க.

* மற்றவற்றை மூடி போட்ட டப்பாவில், புது செருப்பு, பை வாங்கும்போது வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வையுங்க.

* கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்பி3 மட்டும் போதாது, வேவ் ஃபைலாகவும் ஒன்று வையுங்க. இரண்டு இடத்தில் வையுங்க.

* முக்கியமானது இது. வீட்டில் இருக்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் போட்டுக் காட்டுங்க. "இது யார் குரல் பாட்டி? எந்த வருஷத் திருவிழா?" என்று கேளுங்க. சொல்வதை ஃபைல் பெயரிலேயே எழுதுங்க. புதுசாக எடுக்கும் வீடியோவை அப்லோடு செய்யும் முன் வாசித்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவர் பேரை முதல் வரியில் போடுங்க.

ரூபாவைத் தேட ஒற்றைப் பெயராவது இருந்தது. பரணில் இருக்கும் அந்தக் கேசட்டில் பாடுகிறவர் யாரென்று சொல்ல, இன்றைக்குப் பாட்டி இருக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டுடுங்க.