சுரங்க ரயிலும் ராயகிரியின் விடியலும்

118.9 கிலோமீட்டர் நீளமுள்ள சென்னையின் இரண்டாங்கட்ட மெட்ரோ ரயிலுக்கு, ரூ.63,246 கோடி செலவில், 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அனுமதி அளித்தபோது, கிலோமீட்டர் ஒன்றுக்குச் சுமார் ரூ.532 கோடி ஆகிறதே, மிச்சமாகும் பிரயாண நேரம் இத்தனை திரவியத்துக்கு ஈடாகுமா என்று பலர் கேட்டது நியாயமே.

ஜனநெருக்கம் மிகுந்த மார்க்கங்களில் ஈடாகும் என்பதே என் அபிப்பிராயம். பூந்தமல்லியிலிருந்து தினந்தோறும் நெரிசலில் நின்றபடியே வேலைக்குச் சென்று திரும்புகிறவருக்கு மிச்சமாகும் நேரம், அவர் தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்ணும் நேரமல்லவா?

ஆயினும், தென்காசி மாவட்டத்து ராயகிரியில், பொழுது புலருமுன், எலுமிச்சை மூட்டையைக் காலடியில் இறக்கி வைத்து, முந்தானையால் தலையைப் போர்த்திக்கொண்டு, புளியங்குடிச் சந்தைக்குப் போகும் பேருந்தை எதிர்நோக்கிச் சாலையோரத்தில் நிற்கும் தாயின் நேரமும் நேரந்தானே! பேருந்து பிந்தினால், பழம் வாடுவதோடு அவளுடைய அன்றைய வரும்படியும் வாடுகிறது.

சுரங்கப் பாதையின் ஒரே ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவில் பல நூறு பேருந்துகளை வாங்கிவிடலாம் என்பதை நினைவிற்கொண்டு, புறநகர் விஸ்தரிப்பு ஒவ்வொன்றுக்கும் ஒப்பம் இடுமுன், நகரத்து நிமிஷத்தை நிறுக்கும் அதே தராசில் கிராமத்து நிமிஷத்தையும் நிறுத்துப் பார்ப்பதே அரசின் தர்மமாகும்.