முதல் பிரதி ஓர் அமானிதம்



கடந்த ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவரின் தாயார் தம் மகளையும் கூட்டிக்கொண்டு முந்தலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியிடம் ஸலாம் சொல்லி அமர்ந்தவர், கைத்தொலைபேசியை நீட்டினார்.

"ஹஸ்ரத், இது எங்கட உம்மாட வீடியோ. யூடியூப்ல போட்டம். முகமே வெளங்குதில்ல. கொஞ்சம் தெளிவாக்கித் தருவீங்களா?"

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய ஆயிரக்கணக்கானோரில் அந்த மூதாட்டியும் ஒருவர். எழுபதைத் தாண்டிய வயதில், பேத்தி கேட்டதற்கிணங்க, அந்த நாட்களைப் பற்றி அரை மணிநேரம் பேசியிருக்கிறார். இடையே, சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்த தம் வீட்டு உறுதியை விரித்து, கிழக்கெல்லை எது, மேற்கெல்லை எது என்று விரலால் தொட்டுக் காட்டுகிறார். சென்ற வருடம் அவர் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக!

நான் பார்த்த வீடியோவில் குரல் இருந்தது. முகம் கலங்கிய நீரில் தெரியும் நிழல்போல இருந்தது. உறுதியின் எழுத்துக்களோ எறும்பு ஊர்ந்த தடம்போலத் தெரிந்தன.

"முதலில் எடுத்தது எங்கே?" என்று கேட்டேன். பேத்தி தலைகுனிந்தார். போனில் இடம் போதவில்லை. குடும்பக் குழுவுக்கு அனுப்பிவிட்டோமே என்ற தைரியத்தில் அதை அழித்துவிட்டாராம். பின்னர் குழுவில் இருந்ததை இறக்கி, ஒரு செயலியில் வெட்டி ஒட்டி, மறுபடி சேமித்து, அதைத்தான் யூடியூபில் ஏற்றியிருக்கிறார்.

சகோதரிகளே! என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏன் என்பதை நீங்கள் விளங்கிக்கொண்டால் உங்கள் வீட்டில் இது நடக்காது. அதற்காகத்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

வீடியோ என்பது புள்ளிகளால் ஆன படம். இன்றைய சாதாரணப் போனில் 1080 என்று குறிப்பிடும் தரத்தில் ஒவ்வொரு படமும் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். வட்ஸ்அப் போன்றவற்றில் வழமைபோல் அனுப்பும்போது, சீக்கிரம் போய்ச் சேர்வதற்காக அது வீடியோவைச் சுருக்கிவிடும். 480 தரத்துக்கு இறங்கினால் மிஞ்சுவது சுமார் 4 இலட்சம் புள்ளிகள். ஐந்தில் ஒரு பங்கு! போனவை போனவைதான். பிறகு அதைப் பெரிதாக்கினால் படம் பெரிதாகுமே தவிர, உறுதியின் எழுத்துத் திரும்பி வராது. யூடியூபும் தனக்கு வரும் ஒவ்வொரு வீடியோவையும் மீண்டும் ஒரு முறை சுருக்கித்தான் வைத்துக்கொள்கிறது. ஆகவே அதன் கையில் நாம் கொடுப்பது எவ்வளவு முழுமையாக இருக்கிறதோ, அவ்வளவுக்குத்தான் பார்ப்பவருக்குத் தெளிவு கிடைக்கும்.

ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்றொன்று உண்டு. செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற தொடர். அத்தொடரில் ஒருவர் ஞாபக சக்தியில் பலவீனமானவராக இருந்தால், அவருக்குப் பின்னால் எத்தனை உறுதியானவர்கள் வந்தாலும் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானதே. வீடியோவும் அப்படித்தான். போன், குழு, வெட்டி ஒட்டும் செயலி, யூடியூப் என்று நான்கு கைகள் மாறும்போது, நடுவில் ஒரு கை தவறவிட்டதை அடுத்த கை மீட்டுத் தராது.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

எடுக்கும்போதே செம்மையாக எடுங்கள். நம் கரையோரக் காற்றில் உப்பு அதிகம். கெமராக் கண்ணாடியில் படிந்த பிசுபிசுப்பை மென்மையான பருத்தித் துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பேசுபவரின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் படும்படி அமர்த்துங்கள். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். போனைப் படுக்கை வாட்டில், அசையாத ஒன்றில் சாய்த்து வையுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், போனையே அருகில் கொண்டு செல்லுங்கள். பத்திரமோ பழைய படமோ காட்டினால், அதைத் தனியாக ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது, வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் ஆவணம் என்ற பகுதி மூலம் அனுப்பினால் 2 ஜீ.பி. வரை சுருங்காமல் போகும். ஏற்றும்போது, எடுத்த போனிலிருந்தே நேரடியாக ஏற்றுங்கள். வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் ஒரே முறை செய்து, எம்.பி.4 வடிவில், எடுத்த அதே தரத்தில் சேமியுங்கள். 1080 தரத்துக்கு, வினாடிக்கு 30 படங்கள் என்றால், யூடியூப் பரிந்துரைப்பது வினாடிக்கு 8 மெகாபிட். அதாவது நிமிடத்துக்கு 60 மெகாபைட், அரை மணிநேரத்துக்கு சுமார் 1.8 ஜீ.பி. டேட்டா அதிகம் செலவாகும்தான். ஏற்றிய உடனே மங்கலாகத் தெரிந்தால் பதறி அழித்துவிடாதீர்கள். முதலில் குறைந்த தரமும், சில மணிநேரம் கழித்து உயர்ந்த தரமும் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் பிரதியை அழிக்காதீர்கள்! ஒரு பென் டிரைவிலும், உறவினர் ஒருவரின் கணினியிலுமாக இரண்டு இடங்களில் வைத்த பிறகே போனில் இடம் தேடுங்கள். பேசியவரின் சம்மதம் இல்லாமல் ஊருக்குத் திறந்துவிடவும் வேண்டாம். குடும்பத்துக்கு மட்டும் என்று பூட்டி வைக்கும் வசதி யூடியூபிலேயே உண்டு.

இதெல்லாம் மௌலவிக்கு எதற்கு என்று நினைக்கிறீர்களா? இருண்ட அறையின் சிறு துளை வழியே வெளிச்சம் புகுந்து, வெளியே உள்ளதைச் சுவரில் படமாக்குவதை ஆயிரம் வருடங்களுக்கு முன் ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். அவரது கிதாபுல் மனாழிர் ஒளியைப் பற்றிய பெருநூல். எந்த வேலையையும் குறையின்றிச் செய்வதை அரபியில் இத்கான் என்போம். ரொட்டி சுடுவதிலும் அது வேண்டும், உம்மாவின் பேச்சைப் பதிவு செய்வதிலும் அது வேண்டும்.

அந்தச் சகோதரி எழுந்து போகும்போது, "குரலாவது இருக்குதே ஹஸ்ரத், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். எனக்கு அன்றிரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

1990இல் வளர்ந்தவர்களாக வந்தவர்கள் நம் புத்தளம் மாவட்டத்தில் ஒவ்வொருவராகக் கண்மூடி வருகிறார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு உம்மம்மா, ஒரு பெரிய வாப்பா இருக்கலாம். இந்த வெள்ளிக்கிழமை அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கெமராவைத் துடையுங்கள். அவர் சொல்வது உங்கள் கையில் ஓர் அமானிதம். வந்தது வந்தபடியே பேரப்பிள்ளைகளிடம் போய்ச் சேரட்டும்.

அல்லாஹ் நம் அமானிதங்களைப் பேணும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தருவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.