வராத உறுப்பினர்

குற்றம் சாட்டப்பட்ட சிறாரின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப் பணி உறுப்பினர் இருவரும் அமர்கிறார்கள். அந்த இருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். கருத்து வேறுபட்டால் பெரும்பான்மைதான் முடிவு. அந்த இருவரும் சேர்ந்தால் நடுவரின் கருத்தையே தள்ளிவிடலாம். குழுமம் கூடாத வேளையில் சிறுவனைத் தனி உறுப்பினர் ஒருவர் முன்பாகவும் நிறுத்தலாம். தென்காசி மாவட்டம் இலஞ்சியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்த உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். குற்றாலத்துச் சீசன் நெரிசலில் பணப்பையைத் திருடினான் என்று பிடிபட்ட பதினைந்து வயதுப் பையனின் அன்றைய இரவு அவர் கையில் இருக்கிறது.

இவ்வளவு அதிகாரத்தைத் தந்த 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நிபந்தனைகளையும் விதித்தே தந்தது. நடுவர் உட்பட அனைவருக்கும் நியமனத்திலிருந்து 60 நாட்களுக்குள் மாநில அரசு பயிற்சி அளித்தாக வேண்டும். தக்க காரணமின்றித் தொடர்ந்து மூன்று மாதம் வராத உறுப்பினரையும், ஆண்டின் அமர்வுகளில் முக்கால் பங்குக்கேனும் வராதவரையும் நீக்கலாம். விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். மிஞ்சினால் மேலும் இரண்டு மாதம்.

நடப்பது வேறு. 2005இல் தொடரப்பட்ட சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காலியிடங்களை நிரப்புங்கள், பயிற்சி கொடுங்கள் என்று சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதையே அது மீண்டும் சொல்ல நேர்ந்தது. 2025 நவம்பரில் வெளியான இந்திய நீதி அறிக்கையின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு குழுமத்தில் முழு எண்ணிக்கையில் உறுப்பினர்கள் இல்லை. வழக்குகளில் பாதிக்கு மேல் நிலுவை.

1920இலேயே சிறாருக்கெனத் தனிச் சட்டம் இயற்றி நாட்டுக்கு வழிகாட்டியது சென்னை மாகாணம். அதே மண்ணில், 2022ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடிபட்டு இறந்தான். அவன் மீதிருந்த புகார், ரயில்வே பேட்டரி திருடினான் என்பது. இல்லத்தின் ஊழியர்கள் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. அடித்த கைகள் ஊழியர்களுடையவை. ஆயினும் இல்லங்களைப் பார்வையிட்டுக் குறைகளைச் சொல்ல வேண்டிய பொறுப்பைச் சட்டம் குழுமத்திடமே ஒப்படைத்திருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

பயிற்சியின்றி ஒருவரை அந்த இருக்கையில் அமர்த்தும் அரசு சட்டத்தை மீறுகிறது. நிதியில்லை, ஆளில்லை என்பதெல்லாம் இதற்குச் சமாதானம் ஆகாது. அதைவிட நம்மை வருத்துவது, இந்தப் பதவியைக் கோயில் அறங்காவலர், பள்ளிக் குழுத் தலைவர் என்ற வரிசையில் இன்னுமொரு மரியாதையாக ஏற்கும் ஊர்ப் பெரியவர்களின் மனப்போக்கு. உறுப்பினர் வராமல் அமர்வு ஒத்திவைக்கப்பட்டால் அவருக்கு ஒரு பகல் மிச்சம். பையனுக்கோ படிப்பு அறுந்துபோகிறது, அவன் தாய்க்கு அன்றைய கூலி போகிறது. இதை அசட்டை என்று சொல்லி விட்டுவிட முடியாது. இது குழந்தைக்குச் செய்யும் அநீதி.

சிறாரின் அடையாளத்தைத்தான் சட்டம் மறைக்கச் சொல்கிறது, உறுப்பினரின் வருகைப் பதிவேட்டை அல்ல. தென்காசி மாவட்ட நிர்வாகம் அதனைக் காலாண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற தேதியோடு வெளியிட வேண்டும். வர இயலாதவர், அரசு நீக்கும் வரை காத்திராமல், இந்த மாதமே விலகல் கடிதம் கொடுப்பதுதான் முறை.