மழைதான் நமக்குப் பனிக்காலம்

தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு டயரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளி முடிந்து வாசலில் வந்து நிற்கும் மகிழுந்துகளையும், அவற்றில் ஏறிச் செல்லும் பிள்ளைகளையும் நாள்தோறும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கவலை எழுவது இயல்பே.

1994-இல் பெரோடுவா கஞ்சில் வெளிவந்தபோது, 660 சி.சி. இயந்திரமே பல குடும்பங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அந்நிறுவனத்தின் தொழிற்சாலை நம் ரவாங்கை அடுத்த சுங்கை சோவில்தான் இருக்கிறது. இன்றோ 180, 250 குதிரைத்திறன் கொண்ட செடான்கள் நம் பெற்றோரிடமும் உள்ளன. உழைத்து முன்னேறியவர்கள் நல்ல வாகனம் வாங்குவதில் தவறேதும் இல்லை. ஆனால், இயந்திரத்தின் திறனைப் பெருமையுடன் சொல்பவர்களில் பலருக்குத் தம் வாகனத்தின் டயர் எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்பது தெரியவில்லை. இதுதான் என் வருத்தம்.

ஜெர்மனியில் பனி படர்ந்த சாலையில் பனிக்கால டயர் இல்லாமல் ஓட்டுவது 2010 முதல் சட்டப்படி குற்றம். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினாலும் இறுகிப்போகாத மென்மையான ரப்பரால் அந்த டயர்கள் செய்யப்படுகின்றன. நமக்குப் பனி இல்லை. ஆகவே பருவத்திற்கேற்ற டயர் என்ற எண்ணமும் இல்லை. ஆயினும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகல் இடிமழை கொட்டுவதை நாம் அறிவோம். புறப்பாட நடவடிக்கைகள் முடிந்து பிள்ளைகள் வீடு திரும்பும் நேரமும் அதுதான். அந்த மழையே நமக்குப் பனிக்காலம்.

ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே தரையைத் தொடுகிறது. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கிறது. அந்த வேகத்தில் டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றத் தவறினால், ரப்பருக்கும் சாலைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்துவிடும். பிறகு திசைமாற்றியும் பயன்படாது, பிரேக்கும் பயன்படாது. திறன்மிக்க செடான்களின் அகன்ற டயர்கள் உலர்ந்த சாலையில் நன்றாகப் பற்றும். ஆனால், பள்ளம் தேய்ந்துவிட்டால் குறுகிய டயர்களைவிட எளிதில் நீரின் மேல் மிதக்கும்.

ஆகவே டயரைத் தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். பக்கச்சுவரில் 225/45 ஆர்18 95டபிள்யூ என்று இருந்தால், அகலம் 225 மி.மீ.; உயரம் அகலத்தில் 45 விழுக்காடு; சக்கரம் 18 அங்குலம்; ஒரு டயர் தாங்கும் எடை 690 கிலோ; வேக எல்லை 270 கி.மீ. மலிவாகக் கிடைக்கிறதென்று வாகனத்திற்குக் குறிக்கப்பட்ட எண்களைவிடக் குறைந்ததை வாங்கக் கூடாது. 3524 என்றிருந்தால் அது 2024-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்கு அஞ்சுபவர்கள் 3 மி.மீ. எட்டும்போதே மாற்றுவது நல்லது. ஐரோப்பியத் தரச்சீட்டு ஒட்டியிருந்தால், ஈரச்சாலைப் பிடிப்புக்கு 'ஏ' அல்லது 'பி' பெற்றதைத் தேடுங்கள். பந்தயத் திடலுக்கென்று செய்யப்பட்ட, பள்ளம் குறைந்த டயர்கள் அழகாக இருக்கலாம். பள்ளிக்கு வரும் வாகனத்திற்கு அவை வேண்டா.

பழைய டயர் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலைச்சிகரத்தினுள் பனிச்செதில் வரைந்த குறி இருந்தால் அது குளிர்நாட்டு டயர். நம் வெயிலில் அதன் ரப்பர் அளவுக்கு மீறி இளகும்; விரைவில் தேயும்; பிரேக் பிடித்தால் நிற்கும் தொலைவும் கூடும்.

நான்கு டயருக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் ஆகிறதே என்பது உண்மையான சுமைதான். அப்படியானால் முதலில் இரண்டை மாற்றலாம். முன்பின் அளவு ஒன்றாக இருந்தால் புதியவற்றைப் பின்சக்கரங்களில் பூட்ட வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க இயலும். பின்சக்கரம் வழுக்கினால் வாகனமே சுழன்றுவிடும். ஆனால், புதிய அலங்கார ரிம்முக்குப் பணம் இருக்கிறது, டயருக்கு இல்லை என்பதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாளில், சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஆழமானி ஒன்றை வாங்கி, பெற்றோரின் வாகனங்களையும் பள்ளி வேன்களையும் அளந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களே அளந்து எழுதட்டும். அது நல்லதொரு கணிதப் பாடமாகவும் அமையும். "அப்பா, உங்கள் டயர் 2 மில்லிமீட்டர்தான் இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால், எந்தத் தந்தையும் அதைத் தட்டிக்கழிக்க மாட்டார்.

சிந்திப்போம், அடுத்த மழைக்கு முன்பே செயல்படுவோம்.