இஷ்டமிருந்தால் படிக்கலாம்!

சேலத்திலோ நாமக்கல்லிலோ மிஷன் பள்ளிக்கூடத்தில் குழந்தையைச் சேர்த்திருக்கும் தாய்மார்களில் பலருக்கு இது தெரிந்த விஷயம். குறிப்பிட்ட பீரியட் வந்ததும் கிறிஸ்தவக் குழந்தைகள் வேதபாட வகுப்புக்குப் போவார்கள். மற்றக் குழந்தைகள் நீதிபோதனை வகுப்புக்குப் போவார்கள். அது முடிந்ததும் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள்.

"மிஷன் பள்ளிக்கூடம் இருக்கட்டும். சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே பைபிளை இஷ்டப் பாடமாக வைத்தால் என்ன? வேண்டியவர்கள் படிக்கட்டுமே!" என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம் 2006-ல் இதற்காக ஒரு சட்டமே செய்தது. அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் 1963-லேயே ஒரு கோடு கிழித்திருந்தது. சர்க்கார் பள்ளியில் பைபிளை வழிபாடாகப் படிக்கக் கூடாது. இலக்கியமாகவும் சரித்திரமாகவும் படிக்கலாம் என்பதே அந்தக் கோடு.

நமக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. 1846-ல் சென்னை கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபு, சர்க்கார் பள்ளிகளில் பைபிள் வகுப்பு வைக்கும் யோசனையை ஆதரித்தார். வகுப்புக்கு வருவதும் வராததும் மாணவர் இஷ்டம் என்றுதான் ஏற்பாடு. ஆனாலும் சென்னை ஜனங்கள் ஒப்பவில்லை. 'கிரெஸெண்ட்' பத்திரிகையை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று எதிர்த்தார். கண்டனக் கூட்டம் நடந்தது. 1847-ல் லண்டனிலிருந்த கம்பெனி டைரக்டர்கள் அந்த யோசனையை நிராகரித்து விட்டார்கள்.

இஷ்டம் என்று சொல்லிய பிறகும் ஏன் எதிர்க்க வேண்டும்? காரணம் இருக்கிறது. பாடம் நடத்துபவர் சர்க்கார் உபாத்தியாயர். மார்க் போடுபவரும் அவரே. அவர் முன்னால் 13 வயதுக் குழந்தை, "எனக்கு வேண்டாம், ஸார்" என்று எழுந்து போவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! அப்படிப் போகிற குழந்தையின் முதுகை வகுப்பு முழுவதும் பார்க்கும். இன்றைக்கு பைபிள் என்றால் நாளைக்கு கீதை, மறுநாள் குர்ஆன். புத்தகம் மாறலாம், எழுந்து போகிற குழந்தைக்குக் கூச்சம் ஒன்றுதான். ஒருநாள் அது உங்கள் வீட்டுக் குழந்தையாகவும் இருக்கலாம் அல்லவா?

1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 28-வது ஷரத்து இதற்கு வழி சொல்கிறது. முழுக்க சர்க்கார் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது. சர்க்கார் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் மத போதனை நடந்தால், பெற்றோரின் சம்மதம் இல்லாமல் குழந்தையை அதில் உட்கார வைக்கக் கூடாது. இந்த இரண்டாவது விஷயத்தைத் தாய்மார்கள் முந்தானையில் முடிந்து வைத்துக் கொள்வது நல்லது.

அப்படியானால் நம் குழந்தைகள் பிறர் மதத்தைப் பற்றி ஒன்றுமே அறியாமல் வளர வேண்டுமா? கூடவே கூடாது! கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் கிறிஸ்துமஸும் ரம்ஜானும் கொண்டாடுகிற ஊர் சேலம். பக்கத்து வீட்டுப் பண்டிகையின் அர்த்தம் தெரியாமல் பலகாரத்தை மட்டும் வாங்கிச் சாப்பிடலாமா? மதத்தைப் போதிப்பது வேறு, மதங்களைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்று 2002-ல் நம் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது.

இந்தக் காரியத்தைத் தமிழ் வகுப்பு சத்தமில்லாமல் செய்து வருகிறது. 2019-ல் வெளிவந்த பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவரின் தேம்பாவணிப் பாடல்கள் அதில் இருக்கின்றன. தாய் எலிசபெத்தைப் பறிகொடுத்த கருணையன் கதறி அழுகிறான். பைபிளில் வரும் யோவானுக்குத்தான் முனிவர் கருணையன் என்று தமிழ்ப் பெயர் சூட்டினார். இதைப் படிக்கும்போது எந்தக் குழந்தையும் வகுப்பைவிட்டு எழுந்து போக வேண்டியதில்லை. தாயை இழந்தவனின் துக்கத்துக்கு மதம் ஏது?

உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புக் குழந்தை இருந்தால், இன்று ராத்திரி சமையல் வேலை முடிந்ததும் அந்தப் பாடல்களை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மார்க்குக்காக அல்ல, நீங்கள் கேட்பதற்காக!